வாளிக் கணக்கு

கட்டிலின் நடுவில் ஓட்டை.
ஓட்டைக்குக் கீழே வாளி.
வாளிக்குள் நான் இறக்கும் மூங்கில் குச்சியில்
லிட்டருக்கு ஒரு கோடு, அரைக்கு ஒரு புள்ளி.
போனது எவ்வளவோ அவ்வளவையும் திரும்ப ஏற்று:
கூடாரத்தில் என் வேலை இதுதான்.

அரிசி களைந்த நீர்போல் இருக்கும் என்றார்
பயிற்சி தர நம்புலாவிலிருந்து வந்த மருத்துவர்.
மெம்பாக் கரையில் எங்களுக்கு அரிசி
பெருநாளைக்குத்தான்.
மரவள்ளி ஊறிய பானையை நினைத்துக்கொண்டேன்.
அதே வெளுப்பு.
மீன் கவிச்சி மட்டும் கூடுதல்.

கிருமியின் படமும் காட்டினார்,
வால் வளைந்த ஒரு காற்புள்ளி.
இத்தனூண்டுக்கு
இத்தனை வாளியா?

பதினோராம் கட்டிலில் சுவாலே.
பாய்மரப் படகுக்காரர்.
போன செவ்வாய்க்கிழமை கிணற்றடியில்
என் கையிலிருந்த பாட்டிலைத் தட்டிவிட்டவர்.

கோலரா. குளோரோ.
போர்த்துகீசு படித்தவர்களுக்கு
ஒன்று நோய், ஒன்று மருந்து.
எங்கள் மக்குவா காதுக்கு
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டும்.

“சாலை தராதவர்கள்,
பள்ளிக்கு வாத்தியார் அனுப்பாதவர்கள்,
பாட்டிலை மட்டும் ஏன் சும்மா தருகிறார்கள்?”
அன்று அவர் கேட்டார்.
எனக்கும் பதில் தெரியவில்லை.
இன்றும் தெரியாது.

பிறகு யாரோ என் சைக்கிளைத் தூக்கிக்
கிணற்றில் போட்டார்கள்.
மறுநாளும் அதே கிணற்றில்தான் இறைத்தார்கள்,
கயிறு ஹேண்டில்பாரில் மாட்டாமல்
கொஞ்சம் சாய்த்து.
பாட்டில் உடைந்த இடத்தில்
ஒரு முழம் மண்
ஊரிலேயே சுத்தமாக இருந்தது.

இப்போது அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளினேன்.
கிள்ளியது கிள்ளியபடி நின்றது
காற்று செத்த நாளின் பாய்போல.
கண்கள் உள்ளே எங்கோ.
நரம்பு கிடைக்க நான்கு முறை குத்தினோம்.

மாலை ஆறு: மூன்று லிட்டர்.
ஒன்பது: இரண்டரை.
நள்ளிரவில் வாளி மாற்றினேன்.
கூடாரக் கயிற்றில் கட்டிய பையிலிருந்து
சொட்டு சொட்டாக அவருக்குள்
எவருடையதோ ஒரு கடல்.

ஏழாம் கட்டிலின் வாளி காய்ந்திருந்தது.
காய்ந்தால் நல்லது என்றுதான்
குறிப்பில் எழுதியிருந்தேன்.
முவசீசா. நான்கு வயது.
தாமதமாகத் தூக்கி வந்திருந்தார்கள்.
குச்சியை இறக்கி, எடுத்து,
மறுபடியும் இறக்கினேன்.

விதிப்படி அவள்மேல் குளோரோ தெளித்தோம்.
அவள் அம்மா அழவில்லை, எண்ணினாள்,
தெளிப்பானை எத்தனை முறை அழுத்துகிறோம் என்று.
பதினோராம் கட்டிலிலிருந்து
சுவாலேயும் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த நேரத்தில்
நான் சாட்சியா, குற்றவாளியா,
எனக்கே சரியாகத் தெரியவில்லை.

விடிவதற்கு முன்
மணலைத் தேய்த்த மாதிரி ஒரு குரல்:
“எவ்வளவு?”
பதினொன்றரை லிட்டர் என்றேன்.
“அவ்வளவு நான் குடிக்கவேயில்லையே.”
தொங்கும் பையைக் கண்ணால் காட்டினார்.
“நீங்கள் ஊற்றுகிறீர்கள், அது வருகிறது.”
கூட்டிப் பார்த்தால்
கணக்கு அவர் பக்கமும் சரியாகத்தான் வந்தது.

உப்பும் சர்க்கரையும் கரைத்த
கோப்பையை நீட்டினேன்.
“நீ முதலில் குடி.”

குடித்தேன்.
அழுத முகத்தை முத்தமிட்டால்
இப்படித்தான் இருக்கும், பாதி இனிப்பாக.
என் தொண்டை இறங்குகிறதா என்று பார்த்தார்.
வெளியே படகுகள் கிளம்பும் சத்தம் வந்தது.
இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.
நான் சாகவில்லை.
கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நன்றி என்று எதுவும் சொல்லவில்லை.
சைக்கிளைப் பற்றியும் பேசவில்லை.

அட்டையில் இருநூறு மில்லி என்று எழுதினேன்.
பிறகு அடித்து,
என் ஒரு மிடறைக் கழித்து,
நூற்று எண்பது என்று எழுதினேன்.